ராமேஸ்வரம் தீவை இரண்டு இரவு தங்கிச் சுற்றிப் பார்ப்பது எப்படி

ராமேஸ்வரம் போய்வந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் ஒரே கதைதான் வரும். ராத்திரி வேனில் கிளம்பினோம், விடியற்காலையில் இறங்கினோம், கடலில் முங்கினோம், இருபத்திரண்டு தீர்த்தத்தையும் தலையில் ஊற்றிக்கொண்டோம், சாமி பார்த்தோம், தனுஷ்கோடிக்குப் போய் போட்டோ எடுத்தோம், சாயங்காலம் திரும்பிவிட்டோம். நேர்த்திக்கடன் என்றால் இது போதும், குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குச் சுமார் 30 கி.மீ. நீளும் ஒரு தீவு அது. ஒரு பக்கம் பாக் நீரிணை, மறுபக்கம் மன்னார் வளைகுடா. நடுவில் கோயில், தர்கா, தேவாலயம், மீனவர் ஊர்கள், புயல் தின்ற ஒரு நகரத்தின் மிச்சம். இத்தனையையும் பகல் 11 மணி வெயிலில் வேன் ஜன்னல் வழியே பார்த்துவிட்டு, “ஒன்றுமே இல்லையே, வெறும் மணல்தானே” என்று சொல்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வரும்.

இரண்டு இரவு தங்குங்கள். அது முடியாது என்றால் ஒரு இரவாவது. எந்த இடத்தை எந்த நேரத்தில் பார்ப்பது என்பதுதான் இங்கே முக்கியம். வெயில், காற்று, தனுஷ்கோடி செக்போஸ்ட் ஆகிய மூன்றும் உங்கள் திட்டத்தை ஆட்டிவைக்கும், அவற்றுக்கு ஏற்றபடி நாளைப் பிரித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக அமைந்துவிடும்.

எப்போது போவது

ஜனவரியிலிருந்து மார்ச் பாதி வரை அருமையான காலம். மழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது, தனுஷ்கோடி போகும் வழியில் தேங்கிய உப்புநீர்ப் பரப்பில் பூநாரைகள் வந்து நிற்கும் வாய்ப்பும் அப்போதுதான். அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அந்த மாதங்களில் போகவே கூடாது என்றில்லை, ஆனால் புயல் சின்னம் உருவாகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினால் படகும் கிடையாது, தனுஷ்கோடிப் பக்கம் விடுவதும் சந்தேகம், சில சமயம் பாலத்தில் ரயிலையும் நிறுத்திவிடுவார்கள். ஏப்ரல், மே மாதங்களில் மணலில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது. அதோடு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் எல்லாம் கரையில்தான். மீன் சாப்பிடவே போகிறவர்கள் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம் அமாவாசை. தை, ஆடி, மகாளய அமாவாசை மூன்றுக்கும் தீவே திணறும். திதி கொடுக்க வருகிறவர்களுக்கு அந்த நாள்தான் வேண்டும், அவர்கள் வரட்டும். சுற்றிப் பார்க்க மட்டும் வருகிறவர்கள் அதற்கு முந்தின நாளையும் பிந்தின நாளையும் சேர்த்துத் தவிர்த்துவிடுவது நல்லது. அறை வாடகை ஏறிவிடும், ஆட்டோ கிடைக்காது, கோயிலுக்குள் பிரகாரத்தில் நின்று தூணை நிமிர்ந்து பார்க்கக்கூட இடம் இருக்காது.

பாலத்தில் நுழையும்போதே பார்க்க வேண்டியவை

காரிலோ பஸ்ஸிலோ வருகிறவர்கள் மண்டபம் தாண்டியதும் சாலைப் பாலத்தில் ஏறுவீர்கள். 1988-ல் திறந்த இந்திரா காந்தி பாலம் இது. இதற்கு முன்னால் ரயிலை விட்டால் தீவுக்கு வர வேறு தரைவழியே கிடையாது. பாலத்தின் நடுவில் எல்லோரும் வண்டியை நிறுத்தி செல்ஃபி எடுப்பார்கள், போலீஸ் வந்து விரட்டும், மறுபடியும் நிறுத்துவார்கள். நீங்கள் அந்தக் கூட்டத்தில் சேராதீர்கள். பாலம் முடிந்ததும் பாம்பன் பக்கம் வண்டியை ஓரமாக விட்டுவிட்டு, நடைபாதை வழியே நடந்து திரும்பி வாருங்கள். பத்து நிமிடம் நடந்தாலே உச்சிக்கு வந்துவிடலாம். கீழே தண்ணீரின் நிறம் ஓரிடத்தில் பச்சையாகவும் ஓரிடத்தில் கருநீலமாகவும் மாறுவது, பாறைகளுக்கு இடையே நீரோட்டம் சுழித்துக்கொண்டு ஓடுவது, வரிசையாகக் கட்டிப்போட்ட படகுகள் என்று எல்லாம் மேலிருந்துதான் சரியாகத் தெரியும்.

பக்கத்திலேயே ரயில் பாலம். பழையது 1914 பிப்ரவரியில் திறந்தது. கப்பல் வந்தால் நடுவில் இரண்டு இறக்கைகளாகப் பிரிந்து மேலே எழும் தூக்குப் பாலம், அதைத் தொழிலாளர்கள் கையால் சுற்றித்தான் திறப்பார்கள். 1964 புயலில் இந்தப் பாலமும் சிதைந்தது. பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையிலான குழு 46 நாளில் அதைச் சரிசெய்தது, பின்னாளில் டெல்லி மெட்ரோவை அமைத்தாரே அவர்தான். உப்புக்காற்று அரித்து அரித்துக் கடைசியில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். இப்போது ஓடுவது 2025 ஏப்ரல் 6-ம் தேதி திறந்த புதிய பாலத்தில். இதில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி இரண்டாகப் பிரியாமல் அப்படியே லிஃப்ட் போல 17 மீட்டர் உயரத்துக்கு ஏறும். கப்பல் போகும் நேரத்தைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும், முன்கூட்டியே யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

ரயிலில் வருவது வேறு அனுபவம். பாலத்தில் வண்டி மெதுவாகத்தான் போகும், கீழே கரையே தெரியாது, தண்ணீர் மேல் ஊர்ந்துபோகிற மாதிரி இருக்கும். என்னைக் கேட்டால் போகும்போது ரயிலும் திரும்பும்போது சாலையும்தான் சரி. சென்னை எழும்பூரிலிருந்து இரவு வண்டிகள் இருக்கின்றன. அவை பாலத்தைக் கடக்கும் நேரம் விடிந்திருக்குமா இருட்டாக இருக்குமா என்பதை டிக்கெட் போடும் முன் கால அட்டவணையில் பார்த்துவிடுங்கள், இருட்டில் கடந்தால் என்ன பிரயோசனம்?

முதல் நாள் சாயங்காலம் பாம்பன் பக்கம்

மதியம் வந்து சேர்கிறவர்கள் நேராகக் கோயிலுக்கு ஓட வேண்டாம். மதியம் நடை சாத்தியிருப்பார்கள், சாயங்காலக் கூட்டமும் அதிகம். முதல் சாயங்காலத்தைத் தீவின் மேற்கு முனைக்குக் கொடுங்கள்.

பாம்பனிலிருந்து தெற்கே கொஞ்ச தூரத்தில் குந்துகால். சிகாகோ மாநாட்டுக்குப் போய்விட்டுத் திரும்பிய விவேகானந்தர் இலங்கையிலிருந்து கடல்வழியாக வந்து 1897 ஜனவரி 26 அன்று பாம்பனில் கரையிறங்கினார். வரவேற்றவர் ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி, சிகாகோ பயணத்துக்கு முன்பே அவரைப் போகச் சொல்லி ஊக்கப்படுத்தியவர்களில் ஒருவர். அதன் நினைவாக இங்கே ஒரு மண்டபம் இருக்கிறது. மண்டபம் சின்னதுதான், பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். ஆனால் அது நிற்கும் இடம் மன்னார் வளைகுடாக் கரை, எதிரே குருசடைத் தீவு தெரியும், சூரியன் சாயும் நேரத்தில் மீன்பிடிப் படகுகள் குறுக்கே போகும். கூட்டமும் அவ்வளவாக இருக்காது. தீவில் சூரிய அஸ்தமனத்துக்கு என் முதல் ஓட்டு இந்த இடத்துக்குத்தான்.

குருசடை பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். மன்னார் வளைகுடாவில் இப்படி 21 சிறு தீவுகளைச் சேர்த்து 1986-ல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். சுற்றிலும் பவளப்பாறை, கடற்புல் வெளி, அதை மேயும் ஆவுளியா என்கிற கடற்பசு. நினைத்தபோது படகை அமர்த்திக்கொண்டு இறங்கிவிட முடியாது, வனத்துறை வழியாகத்தான் போக வேண்டும், படகு விடுகிறார்களா என்பதும் அன்றைய கடலைப் பொறுத்தது. அதனால் குந்துகாலில் முந்தின நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். “நான் கூட்டிப்போகிறேன் சார், ரகசியமாக” என்று யாராவது வந்தால் ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள், பிடிபட்டால் அபராதம் உங்களுக்கும்தான்.

குந்துகாலுக்குப் பக்கத்தில் சின்னப்பாலம் என்ற மீனவர் ஊர். கடலுக்குள் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்கள் இங்கே இருக்கிறார்கள். விரலில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, மூச்சடக்கி இறங்கிப் பாறையிலிருந்து பாசி பறிப்பார்கள். கரையில் காயப்போட்ட பாசி கண்ணில் பட்டால் நின்று பேசுங்கள், நன்றாகப் பேசுவார்கள். கேட்காமல் கேமராவைத் தூக்காதீர்கள், அவர்கள் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள்.

மறுநாள் விடியலில் கோயில்

கோயிலை அதிகாலையில் பார்ப்பதுதான் முறையும் வசதியும். ஐந்து மணி வாக்கில் ஸ்படிக லிங்க தரிசனம், அதற்குத் தனிச் சீட்டு. அது வேண்டும் என்றால் நாலரைக்கே வாசலில் இருக்க வேண்டியிருக்கும். அப்புறம் வெளியே வந்தால் கிழக்கு வாசலுக்கு எதிரே அக்னி தீர்த்தம், அதாவது கடல். கிழக்குப் பார்த்த கரை என்பதால் சூரியன் நேரே எழும். இங்கே அலை கிடையாது, குளம் மாதிரி நிற்கும் தண்ணீர். அதில் முங்கிவிட்டு ஈரத்தோடு உள்ளே போய் 22 தீர்த்தங்களிலும் குளிப்பது வழக்கம்.

இதற்கு வேண்டிய சில நடைமுறை விஷயங்கள். தீர்த்தச் சீட்டைக் கோயில் கவுண்டரில் மட்டும் வாங்குங்கள். வெளியே மடக்கிப் பிடித்து, “குடும்பத்துக்கே சேர்த்து நான் ஊற்றிவிடுகிறேன்” என்று மொத்தமாக ஒரு தொகை பேசுகிறவர்கள் உண்டு. சனிக்கிழமைக் கூட்டத்தில் அது வேகமாக முடியும் என்பது உண்மைதான், ஆனால் அவசியம் இல்லை. பருத்திச் சேலை, வேட்டி, அடர்ந்த நிறத்தில் சுடிதார் என்று போட்டுக்கொண்டால் ஈரத்தில் சங்கடம் இருக்காது. தரை முழுக்க வழுக்கும், வயதானவர்களைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போங்கள். ஈர உடையோடு சந்நிதிக்குள் விடமாட்டார்கள், அதனால் மாற்றுத் துணி அவசியம். அறை பக்கத்தில் என்றால் போய் மாற்றிக்கொண்டு வரலாம், அதற்காகவே கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் தங்குவது நல்லது. போனும் கேமராவும் உள்ளே கூடாது. அறையிலேயே விட்டுவிட்டுப் போனால் வரிசையில் நின்று ஒப்படைக்கும் வேலை மிச்சம்.

மூலவர் ராமலிங்கம். ஆனால் முதல் பூஜை அனுமன் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் விசுவலிங்கத்துக்கு, இது ராமர் வாக்கு என்பது ஐதீகம். பன்னிரண்டு ஜோதிர்லிங்கத் தலங்களில் இது ஒன்று, அப்பரும் சம்பந்தரும் பாடிய தலம். இவ்வளவும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பலரும் தவறவிடுவது மூன்றாம் பிரகாரத்தை. தரிசனம் முடிந்ததும் பிரசாதம் வாங்கிக்கொண்டு ஓடிவிடாமல், அதை ஒரு முறை முழுதாகச் சுற்றுங்கள். 1,212 தூண்கள் என்று கணக்குச் சொல்வார்கள். 18-ம் நூற்றாண்டில் சேதுபதி மன்னர்கள் முடித்த வேலை. இந்தத் தீவில் மலை கிடையாது, பாறையும் கிடையாது, மணலும் பவளக்கல்லும்தான். அப்படியென்றால் இத்தனை கருங்கல்லும் வெளியிலிருந்து, அதுவும் பாலமே இல்லாத காலத்தில், கடல் தாண்டி வந்திருக்கிறது! பிரகாரத்தின் மூலையில் நின்று நீளவாக்கில் பார்த்தால் தூண்கள் சிறுத்துச் சிறுத்துப் புள்ளியாக முடியும். அந்தக் காட்சிக்குக் காலை வெளிச்சம் பக்கவாட்டில் விழும் நேரம்தான் பொருத்தம். மேற்குப் பிரகாரத்தில் சொக்கட்டான் மண்டபத்தையும் விடாதீர்கள், வழிகள் குறுக்கே வெட்டிக்கொள்வதால் சொக்கட்டான் பலகை மாதிரியே இருக்கும்.

கோயிலை விட்டு வந்ததும் கோயில் தெருக்களில் டிபன் சாப்பிடுங்கள். இட்லி, பொங்கல் தாராளமாகக் கிடைக்கும், வடக்கிலிருந்து வருகிறவர்கள் அதிகம் என்பதால் பூரி, ரொட்டி, குஜராத்திச் சாப்பாடுகூடக் கிடைக்கும். சுவை பற்றிப் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

வெயில் நேரத்தை என்ன செய்வது

பத்தரைக்கு மேல் மூன்று மணி வரை வெளியே அலைவதில் அர்த்தமில்லை. கூரைக்குக் கீழே பார்க்க வேண்டியதை இந்த நேரத்துக்கு வையுங்கள். பள்ளிவாசல் தெருவில் அப்துல் கலாம் பிறந்து வளர்ந்த குடும்பத்தின் வீடு இருக்கிறது, மாடியில் அவருடைய பொருட்களும் படங்களும் வைத்திருக்கிறார்கள். கீழே சங்குக் கடை. கோயிலிலிருந்து நடக்கும் தூரம்தான். பேக்கரும்பில் அவரை அடக்கம் செய்த இடத்தில் உள்ள தேசிய நினைவகம் பெரியது, 2017 ஜூலை 27-ல் திறந்தது, உள்ளே படம் எடுக்க விடமாட்டார்கள். இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் நான் வீட்டைச் சொல்வேன். சிறுவனாக இருந்தபோது, இரண்டாம் உலகப்போர் சமயத்தில் ரயில் ராமேஸ்வரத்தில் நிற்காமல் போனதால், ஓடும் வண்டியிலிருந்து வீசப்படும் செய்தித்தாள் கட்டுகளைப் பொறுக்கி ஊருக்குள் விநியோகிக்கும் வேலையை அவர் செய்திருக்கிறார். அந்தத் தெருவில் நடந்தால் அது எவ்வளவு சின்ன ஊராக இருந்திருக்கும் என்பது புரியும்.

ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஆபில் காபில் தர்கா. ஆதாமின் பிள்ளைகள் இருவரும் அடங்கிய இடம் என்ற நம்பிக்கை, இரண்டு கல்லறைகளும் வழக்கத்தைவிட மிக நீளம். தங்கச்சிமடம் வேர்க்காட்டில் சந்தியாகப்பர் தேவாலயம் இருக்கிறது, ஜூலைத் திருவிழாவுக்கு எல்லா மதத்துக்காரர்களும் வருவார்கள். ராமேஸ்வரத்தை ஒரே ஒரு கோயிலின் ஊராக நினைத்து வருகிறவர்கள் இந்த இரண்டையும் பார்த்துவிட்டுப் போனால் இந்தத் தீவில் யார் யார் சேர்ந்து வாழ்கிறார்கள் என்பதாவது தெரியும்.

நான்கு மணிக்குக் கந்தமாதன பர்வதம் போகலாம். பெயரில் பர்வதம் இருந்தாலும் அது ஒரு மணல்மேடுதான், ஆனாலும் தீவிலேயே உயரமான இடம் அதுதான். மேலே இரண்டு அடுக்கு மண்டபம், உள்ளே ராமர் பாதம். மாடியில் ஏறினால் தென்னையும் கருவேலுமாகத் தீவு விரிந்து, சுற்றிலும் கடல் தெரியும், தூரத்தில் கோயில் கோபுரமும் தெரியும். குரங்குகள் இருக்கும், கையில் பை வைத்திருப்பவர்கள் ஜாக்கிரதை.

அங்கிருந்து வில்லூண்டித் தீர்த்தம். கடலுக்குள் ஒரு சிறு பாலம் போட்டிருக்கிறார்கள், அதன் முடிவில் உப்புக்கடல் நடுவே ஒரு கிணறு, தண்ணீர் நல்ல தண்ணீர். சீதையின் தாகம் தீர்க்க ராமர் வில்லை ஊன்றிய இடம் என்பார்கள். எப்படி உப்பில்லாமல் இருக்கிறது என்று கேட்டால், மணல் வழியே இறங்கும் மழைநீர் உப்புநீரைவிட இலேசானது, அதனால் அடியில் உள்ள கடல்நீரின் மேல் மிதந்து நிற்கும், ஊற்றுக்கண் அந்த அடுக்கோடு சேர்ந்திருந்தால் கடல் ஓரத்திலும் நல்ல தண்ணீர் வரும். அதிகமாக இறைத்தால் உப்பு ஏறிவிடும். தீவில் ஊர்கள் பிழைத்ததே இந்த மெல்லிய நன்னீர் அடுக்கை நம்பித்தான். வில்லூண்டியிலும் அஸ்தமனம் நன்றாக இருக்கும், முதல் நாள் குந்துகாலுக்குப் போக முடியாதவர்கள் இதை வைத்துக்கொள்ளலாம்.

கடைசி நாள் காலை தனுஷ்கோடி

இதைத்தான் பலரும் வீணடிக்கிறார்கள். பெரும்பாலான வேன்கள் 11 மணிக்குமேல் வந்து குவியும், அரிச்சல்முனை வளைவில் வண்டிகள் சிக்கிக்கொண்டு ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும். செக்போஸ்ட் காலை ஆறு மணி வாக்கில் திறக்கும், அப்போதே கிளம்பிவிடுங்கள். சாயங்காலம் ஐந்து மணிக்குமேல் போனால் உள்ளே விடுவது சந்தேகம், இருட்டுவதற்குள் எல்லோரையும் வெளியேற்றிவிடுவார்கள். ஊரிலிருந்து பழைய தனுஷ்கோடிக்கு ஏறக்குறைய 18 கி.மீ., அங்கிருந்து அரிச்சல்முனைக்கு இன்னும் நாலைந்து கி.மீ. 2017 வரை இந்தக் கடைசித் தூரத்துக்குச் சாலை கிடையாது, மணலில் ஜீப்பில் குலுங்கிக்கொண்டு போக வேண்டும். இப்போது நேர்க்கோடு மாதிரி தார்ச்சாலை. அரசு பஸ் ஓடுகிறது, ஆட்டோவும் வாடகை பைக்கும் கிடைக்கும். ஆட்டோ என்றால் எங்கெங்கே நிற்க வேண்டும், எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதையெல்லாம் ஏறும் முன்பே பேசிவிடுங்கள், “தனுஷ்கோடி” என்று மட்டும் சொன்னால் அவர் நினைக்கும் தனுஷ்கோடியும் நீங்கள் நினைக்கும் தனுஷ்கோடியும் வேறாக இருக்கும்.

போகும் வழியில் கோதண்டராமர் கோயில். விபீஷணனுக்கு முடிசூட்டிய இடம் என்பது நம்பிக்கை, 1964 புயலில் தப்பிய கோயில். சுற்றிலும் ஆழமில்லாத உப்புநீர்த் தேக்கம். சீசனில் பூநாரைகள் இங்கேதான். பைனாகுலர் இருந்தால் கொண்டுபோங்கள், இறங்கிப் பக்கத்தில் போகப் பார்க்காதீர்கள், மொத்தக் கூட்டமும் பறந்துவிடும்.

முதலில் நேராக அரிச்சல்முனைக்குப் போய்விட்டு, திரும்பும் வழியில் இடிபாடுகளைப் பார்ப்பது நல்ல வரிசை. முனையில் அசோகச் சின்னத்தோடு ஒரு தூண், அதைத் தாண்டினால் மணல், அப்புறம் கடல். எதிரே தலைமன்னார் சுமார் 30 கி.மீ. போன் சில சமயம் இலங்கை சிக்னலைப் பிடித்துக்கொள்ளும், ரோமிங்கை அணைத்து வையுங்கள். வடக்கே பாக் நீரிணைப் பக்கம் பெண் கடல் என்பார்கள், தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் ஆண் கடல். ஒன்று சலனமில்லாமல் கிடக்கும், ஒன்று அலையடித்துக்கொண்டிருக்கும். ஆனால் இது வருடம் முழுக்க அப்படியே இருக்காது. தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தெற்குப் பக்கம் கொந்தளிக்கும், வடகிழக்கிலிருந்து வாடை வீசும் மாதங்களில் வடக்குப் பக்கம்தான் முரடு. எந்தப் பக்கம் காற்றோ அந்தப் பக்கம் அலை, அவ்வளவுதான். முனையின் வடிவமும் காற்றோடு மாறும், போன வருடப் படத்தில் இருக்கும் மணல்திட்டு இந்த வருடம் இருக்காது.

இங்கே தண்ணீரில் இறங்காதீர்கள், முழங்கால் அளவுகூட வேண்டாம். இரண்டு பக்க நீரோட்டமும் சந்திக்கும் இடம், காலடி மணல் சட்டென்று அரித்து இழுக்கும். எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிறார்கள், போலீஸ் நின்று விசில் அடிக்கிறார்கள், அப்படியும் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்குகிறவர்களைப் பார்த்தால் என்ன சொல்வது? பிப்ரவரி, மார்ச் வாக்கில் போகிறவர்கள் வனத்துறையின் ஆமைக்குஞ்சுப் பொரிப்பகத்தைக் கவனியுங்கள். இந்தக் கரையில் முட்டையிடும் பங்குனி ஆமைகளின் முட்டைகளைச் சேகரித்துப் பாதுகாத்து, குஞ்சுகளைக் கடலில் விடுவார்கள்.

திரும்பி வரும்போது பழைய தனுஷ்கோடியில் இறங்கி நடங்கள். தேவாலயத்தின் கூரையில்லாத சுவர்கள், ரயில் நிலையத்தின் மிச்சம், தண்ணீர்த் தொட்டி, தபால் அலுவலகம் என்று பவளக்கல்லும் சுண்ணாம்புமாக நிற்கின்றன. 1914 முதல் எழும்பூரில் ஏறினால் இங்கே வரை ரயில், இங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், அங்கிருந்து மறுபடி ரயிலில் கொழும்பு. அதனால்தான் அந்த வண்டிக்கு போட் மெயில் என்று பெயர். சுங்க அலுவலகம், துறைமுகம், கடைகள் என்று பரபரப்பாக இருந்த ஊர். 1964 டிசம்பர் 22 நள்ளிரவுக்கு முன்னும் பின்னுமாக வந்த புயலில் எல்லாம் போயிற்று. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலைக் கடல் அப்படியே வாரிக்கொண்டது, அதில் இருந்தவர்கள் யாரும் பிழைக்கவில்லை. அதன் பிறகு வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்துவிட்டது. ஆனாலும் மீனவர் குடும்பங்கள் குடிசை போட்டு இன்றும் இருக்கின்றன, மணலில் கொஞ்சம் தோண்டி ஊற்றுத் தண்ணீர் எடுக்கிறார்கள், வில்லூண்டியில் சொன்ன அதே நன்னீர் அடுக்குதான். தேவாலயச் சுவரில் பெயர் செதுக்குவது, பலிபீடம் இருந்த இடத்தில் ஏறி நின்று ரீல்ஸ் எடுப்பது இதெல்லாம் வேண்டாம். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போன ஊர் அது.

பசித்தால் சாலையோரக் குடிசைக் கடைகளில் அப்போதே பிடித்த மீனைப் பொரித்துத் தருவார்கள். மீனைக் கையில் எடுத்துக் காட்டச் சொல்லி, விலையைக் கேட்டுவிட்டு, அப்புறம் பொரிக்கச் சொல்லுங்கள். சாப்பாட்டுக்கு மீன் குழம்பு இருக்கிறதா என்றும் கேளுங்கள். பொரியலைவிட அது நன்றாக இருக்கும் என்பது என் அனுபவம்.

மீன் இறங்குவதைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள், பாக் நீரிணையில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்று ஒரு ஏற்பாடு இருப்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். விசைப்படகுகள் மறுநாள் காலையில்தான் கரை திரும்பும். அதனால் ராமேஸ்வரம் துறைமுகத்துக்கு எந்தக் காலையில் போவது என்பதை முந்தின சாயங்காலம் டீக்கடையில் கேட்டால் போதும், சரியாகச் சொல்லிவிடுவார்கள். மீனவர்கள் வேலைநிறுத்தம் செய்யும் நாட்களும் இங்கே அடிக்கடி வரும், அப்போது படகுகள் அத்தனையும் கட்டிக் கிடக்கும்.

வாங்குவது பற்றி

சங்கு, சோழி, சிப்பி மாலை என்று கோயில் தெரு முழுக்கக் கடைகள். சாதாரணச் சங்கு, சிப்பி வளையல், பனையோலைக் கூடை, பனங்கிழங்கு, கருப்பட்டி இதெல்லாம் தாராளமாக வாங்கலாம். பவளப்பாறைத் துண்டை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள், கரையில் கிடந்தாலும் எடுக்காதீர்கள். பவளம், கடல் குதிரை, கடல் அட்டை எல்லாம் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் வருபவை, புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு. “வலம்புரிச் சங்கு, அசல்” என்று சல்லிசாகக் கொடுத்தால் அது வேறு எங்கோ கடலில் இயல்பாகவே அந்தப் பக்கம் திரும்பி வளரும் வேறு வகைச் சிப்பியாகத்தான் இருக்கும், அசல் வலம்புரி அப்படித் தெருவில் கிடைக்காது.

திரும்பும் ரயிலைப் பிடிக்கிறவர்கள் ராமேஸ்வரத்தில் முன்கூட்டியே ஏறி உட்கார்ந்துவிடுங்கள், வண்டி அங்கிருந்துதான் புறப்படுகிறது. காற்று பலமாக இருக்கும் நாட்களில் பாலம் கடக்கத் தாமதமாகலாம், மதுரையிலோ சென்னையிலோ அடுத்த வண்டிக்கு டிக்கெட் போட்டிருந்தால் நடுவில் சில மணி நேரம் இடைவெளி விட்டே போடுங்கள்.